சிறு வலையமைப்பில் ஸ்டேட்டிக் ரவுட்டிங் போதுமா, டைனமிக் ரவுட்டிங் தேவையா?

முனையம் (கேள்வி):

வணக்கம். வீட்டோடு சேர்ந்த ஒரு சிறிய அலுவலகத்தின் வலையமைப்பை நான் பராமரித்து வருகிறேன். இணைய இணைப்பு வந்து சேரும் முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1. கணினிகளும் கைபேசிகளும் 192.168.1.0/24 என்ற சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியைப் பகிரும் வலையமைப்புப் பகுதியில்) இருக்கின்றன. கேமராக்களையும் கோப்புச் சர்வரையும் தனியே பிரித்து வைப்பதற்காக இரண்டாவது ரவுட்டர் ஒன்றை அதே சுவிட்சில் 192.168.1.2 என்ற முகவரியுடன் இணைத்து, அதன் பின்னால் 192.168.20.0/24 என்ற சப்நெட்டை அமைத்திருக்கிறேன். அந்த ரவுட்டரில் நாட் (பாக்கெட்டுகளின் முகவரியை மாற்றி அனுப்பும்) வசதியை அணைத்துவிட்டேன். 192.168.20.0/24-க்குச் செல்ல வேண்டியவை 192.168.1.2 வழியாகச் செல்ல வேண்டும் என்று முதன்மை ரவுட்டரில் ஒரு ஸ்டேட்டிக் பாதையும் (கையால் எழுதும் நிலையான பாதை) எழுதியிருக்கிறேன்.

இப்போது கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் (எதிர்முனை இருக்கிறதா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பினால் பதில் தவறாமல் வருகிறது. ஆனால் அதே சர்வரின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்தால் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கோப்புகளை நகலெடுக்க முயன்றாலும் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. சில கணினிகளில் மட்டும், அதுவும் சில நேரங்களில் மட்டும், எல்லாம் சரியாக நடக்கின்றன.

ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதைகளைத் தாமே கற்றுக்கொள்ளும் டைனமிக் ரவுட்டிங்குக்கான ரிப், ஓஎஸ்பிஎஃப் ஆகிய நெறிமுறைகள் இரண்டு ரவுட்டர்களிலும் இருக்கின்றன. அடுத்ததாகப் பக்கத்துக் கட்டடத்தில் மூன்றாவது ரவுட்டர் ஒன்றும், தொலைவிலுள்ள கிளை ஒன்றுக்கு வயர்கார்டு என்னும் விபிஎன் இணைப்பும் வரவிருக்கின்றன. கையால் எழுதும் பாதைகளை விட்டுவிட்டு இப்போதே டைனமிக் ரவுட்டிங்குக்கு மாறிவிடலாமா? மாறினால் மேலே சொன்ன சிக்கலும் தீர்ந்துவிடுமா?

பாதைகாட்டி:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: டைனமிக் ரவுட்டிங்குக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தீராது. பிங்குக்குப் பதில் வருகிறது என்றாலே உங்கள் ரவுட்டர்களுக்குப் பாதை தெரிந்திருக்கிறது என்று பொருள். பாக்கெட்டுகள் போகும் வழி ஒன்றாகவும் திரும்பும் வழி வேறாகவும் இருப்பதுதான் இங்கே கோளாறு.

கணினியின் முகவரி 192.168.1.50, சர்வரின் முகவரி 192.168.20.10 என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குத் தெரிந்த ஒரே கேட்வே (சப்நெட்டை விட்டு வெளியே செல்லும் வாயில்) 192.168.1.1 என்பதால், டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் முதன்மை ரவுட்டருக்குப் போகிறது. அந்த ரவுட்டர் நீங்கள் எழுதிய பாதையைப் பார்த்து, பாக்கெட் வந்த போர்ட் வழியாகவே அந்தப் பாக்கெட்டை 192.168.1.2-க்கு அனுப்ப, அங்கிருந்து அது சர்வரை அடைகிறது. சர்வர் அனுப்பும் சின்-ஆக் பதில் இரண்டாவது ரவுட்டருக்கு வந்ததும், 192.168.1.50 என்பது தன்னோடு நேரடியாக இணைந்த சப்நெட்டில்தான் இருக்கிறது என்று அந்த ரவுட்டர் கண்டுகொண்டு, முதன்மை ரவுட்டரைத் தொடாமலே பதிலைக் கணினியிடம் சேர்த்துவிடுகிறது. அடுத்து கணினி அனுப்பும் ஆக் (பதில் கிடைத்ததை உறுதிப்படுத்தும்) பாக்கெட் மறுபடியும் முதன்மை ரவுட்டருக்கு வருகிறது. அங்குள்ள ஃபயர்வால் சின்னைப் பார்த்திருக்கிறது, அதற்கு வந்த பதிலைப் பார்க்கவே இல்லை. ஆகவே இந்த ஆக் எந்த இணைப்பிலும் சேராத செல்லாத பாக்கெட் என்று முடிவு செய்து அதை அங்கேயே கைவிட்டுவிடுகிறது.

இதன் விளைவாக, இணைப்பு ஏற்பட்டுவிட்டது என்று கணினி நம்புகிறது, சர்வரோ இன்னும் ஆக் வரவில்லை என்று சின்-ஆக்கைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. உலாவி சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். பிங்கில் இத்தகைய மூன்று கட்ட உடன்பாடு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் ஃபயர்வால் புதியதாகவே பார்த்து அனுமதிப்பதால் அது மட்டும் தடையின்றி நடக்கிறது. பிங் போகிறது என்பதை வைத்து ரவுட்டிங் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சில கணினிகளில் மட்டும் வேலை செய்வதற்கும் காரணம் உண்டு. ஒரு பாக்கெட்டை வந்த வழியே திருப்பி அனுப்ப நேரும் ரவுட்டர், "இந்த இடத்துக்கு நீ நேரடியாக 192.168.1.2-இடமே கொடுக்கலாம்" என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி ரீடைரக்ட் என்னும் செய்தியை அனுப்புவது உண்டு. இது 1981-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 792 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே இருக்கிறது. இந்தச் செய்தியை ஏற்கும் கணினி சிறிது நேரம் சரியான வழியில் அனுப்பும். பாதுகாப்புக் கருதி அதைப் புறக்கணிக்குமாறு அமைக்கப்பட்ட கணினி பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முதன்மை ரவுட்டரில் டிசிபிடம்ப் அல்லது அதற்கு இணையான பாக்கெட் பிடிப்பு வசதி இருந்தால், சர்வரின் முகவரியை மட்டும் வடிகட்டி ஓடவிட்டு உலாவியைத் திறந்து பாருங்கள். சின் தெரியும், ஆக் தெரியும், இடையில் வர வேண்டிய சின்-ஆக் மட்டும் தெரியாது.

தீர்வு என்று நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். ரவுட்டர்கள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பயனர் கணினிகள் இருக்கக் கூடாது. முதன்மை ரவுட்டரில் தனிப் போர்ட் ஒன்றையோ தனி விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து அமைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) ஒன்றையோ ஒதுக்கி, இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையில் மட்டும் 10.255.0.0/30 போன்ற ஒரு சிறிய இணைப்புச் சப்நெட்டை அமையுங்கள். முதன்மை ரவுட்டருக்கு 10.255.0.1, இரண்டாவதற்கு 10.255.0.2. பிறகு முதன்மை ரவுட்டரில் 192.168.20.0/24-க்கான பாதையை 10.255.0.2 நோக்கி மாற்றி, இரண்டாவது ரவுட்டரின் டீஃபால்ட் பாதையை (தனிப் பாதை எழுதப்படாத எல்லாவற்றுக்குமான பாதையை) 10.255.0.1 நோக்கி வைத்தால், போவதும் வருவதும் ஒரே வழியில் நடக்கும். ஃபயர்வாலில் விதிவிலக்கு எழுதியும் சமாளிக்கலாம், ஆனால் அது ஃபயர்வாலின் கண்ணைக் கட்டுவதே தவிர வலையமைப்பைச் சரிசெய்வது ஆகாது.

கூடவே இன்னொன்றையும் சரிபாருங்கள். சில வீட்டு ரவுட்டர்கள் தங்கள் சொந்த சப்நெட்டுக்கு மட்டுமே நாட் செய்யும். அப்படியானால் 192.168.20.0/24-இல் இருக்கும் கருவிகளுக்கு இணையம் கிடைக்காது. அந்த சப்நெட்டையும் நாட் விதியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இணைவழி:

பாதைகாட்டி அவர்கள் சொன்ன இணைப்புச் சப்நெட் முறைதான் சரியானது. தனிப் போர்ட்டோ விலேனோ அமைக்க முடியாத எளிய ரவுட்டராக இருந்தால் மட்டும், டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் முறை) வழியாகவே கணினிகளுக்குப் பாதையைச் சொல்லிவிடலாம். 2002-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3442 வரையறுக்கும் 121-ஆம் விருப்பம் இதற்காகவே இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த விருப்பத்தைப் பெறும் கருவி, வழக்கமான கேட்வேயைச் சொல்லும் 3-ஆம் விருப்பத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. எனவே டீஃபால்ட் பாதையையும் 121-க்குள்ளேயே சேர்த்து எழுதாவிட்டால், சர்வர் கிடைத்துவிடும், இணையம் போய்விடும்.

இனி ஸ்டேட்டிக்கா டைனமிக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் ரவுட்டர்களின் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எல்லா ரவுட்டர்களும் முதன்மை ரவுட்டரிலிருந்து கிளை பிரிந்து, எந்த இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றால், ஓர் இணைப்பு அறுந்ததும் எந்த நெறிமுறையாலும் மாற்று வழி கண்டுபிடித்துத் தர முடியாது, ஏனென்றால் மாற்று வழியே அங்கே இல்லை. அந்த அமைப்பில் ஓஎஸ்பிஎஃப் செய்யும் வேலையெல்லாம் நீங்கள் ஒரு முறை எழுதிவிட்டு மறக்கக்கூடிய சில வரிகளை உங்களுக்குப் பதிலாக எழுதுவது மட்டுமே. அதற்கு ஈடாக, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலையும், அது பிழைபட்டால் ஆராய வேண்டிய பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

இரண்டு வழிகள் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. அப்போதுகூட, முன்னுரிமை குறைந்த இரண்டாவது ஸ்டேட்டிக் பாதை ஒன்றை எழுதிவைத்து, முதல் வழி அறுந்தால் அது எடுத்துக்கொள்ளும்படி செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் அதன் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஸ்டேட்டிக் பாதை அட்டவணையிலிருந்து விலகுவது பொதுவாக அதன் போர்ட் செயலிழக்கும்போது மட்டுமே. இடையில் ஒரு சுவிட்சோ வயர்லெஸ் பாலமோ இருந்தால், அதற்கு அப்பால் கேபிள் அறுந்தாலும் இந்தப் பக்கத்துப் போர்ட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ரவுட்டர் எதையும் அறியாமல் பாக்கெட்டுகளை இல்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டைனமிக் நெறிமுறையின் உண்மையான பயனை நான் இங்கேதான் காண்கிறேன். பாதைகளைக் கற்றுக்கொள்வதைவிட, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அது செய்யும் பெரிய வேலை.

ரிப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1988-இல் ஆர்எஃப்சி 1058 ஆக வெளிவந்த நெறிமுறை அது; அதன் இரண்டாம் பதிப்பு இப்போது 1998-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2453-இல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அமைப்பது மிகவும் எளிது. 15 தாவல்களுக்கு (வழியில் கடக்கும் ரவுட்டர்களுக்கு) மேல் செல்லாது என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அது 30 விநாடிக்கு ஒரு முறை தன் அட்டவணையை அறிவிக்கும், அறிவிப்பு நின்றுபோனால் 180 விநாடி காத்திருந்த பிறகே பாதை செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளும். அந்த மூன்று நிமிடங்களுக்குள் நீங்களே எழுந்து போய்க் கேபிளை மாற்றிவிடலாம். ஓஎஸ்பிஎஃப்பில் ஈதர்நெட் இணைப்புகளுக்கு வழக்கமாக 10 விநாடிக்கு ஒரு ஹலோ (உயிரோடு இருப்பதாகச் சொல்லும் செய்தி), 40 விநாடி மௌனம் என்றால் அண்டை ரவுட்டர் இல்லை என்ற முடிவு. தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் ஓஎஸ்பிஎஃப்பையே தேர்ந்தெடுங்கள்.

விலேன்_20:

ஒரு சிறு மாற்றுக் கருத்து. வயர்கார்டு வரவிருக்கிறது என்று கேள்வியில் இருக்கிறது. வயர்கார்டு இடைமுகம் எதிர்முனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செயல்பாட்டில் இருப்பதாகவே காட்டும் என்பதால், இணைவழி அவர்கள் சொன்ன பலவீனம் அங்கே இன்னும் கூடுதலாக இருக்கிறது. கிளைக்கு ஒரே ஒரு வயர்கார்டு இணைப்புதான் என்றால் ஸ்டேட்டிக் போதும். அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்று அமைப்புக் கோப்பில் எழுதும் வரியைக் கொண்டே டபிள்யூஜி-குவிக் என்னும் வயர்கார்டு கருவி பாதைகளைத் தானாக அமைத்துவிடும். இரண்டு இணைய இணைப்புகள் வழியாக இரண்டு வயர்கார்டு இணைப்புகள் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் தொடக்கத்திலிருந்தே டைனமிக்காக அமையுங்கள்.

அப்படி அமைக்கும்போது, அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்னும் அந்த வரி பாதை அட்டவணையாகவும் அனுமதிப் பட்டியலாகவும் ஒருசேர வேலை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் (பல கருவிகளுக்கு ஒருசேரச் செல்லும்) முகவரிக்குச் செல்வதால், அந்த முகவரி பட்டியலில் இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே அண்டை உறவே ஏற்படாது. ஒவ்வோர் எதிர்முனைக்கும் தனி இடைமுகம் வைத்து, அனுமதியை 0.0.0.0/0 என்று திறந்துவிட்டு, தானாகப் பாதை எழுதும் வசதியை அணைத்துவிடுவதே வழக்கமான முறை.

முனையம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. 10.255.0.0/30 என்ற இணைப்புச் சப்நெட்டைத் தனி விலேனில் அமைத்தேன். நிர்வாகப் பக்கம் உடனே திறக்கிறது, கோப்பு நகலெடுப்பும் முழு வேகத்தில் நடக்கிறது. மாற்றுவதற்கு முன்பு பாக்கெட் பிடிப்பையும் ஓடவிட்டுப் பார்த்தேன். சொன்னபடியே சின்னும் ஆக்கும் மட்டும் தெரிந்தன.

மூன்றாவது ரவுட்டரைப் பற்றிய விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டடத்துக்கு முதன்மை ரவுட்டரிலிருந்து ஃபைபர் ஒன்று செல்லும். அது அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, இரண்டாவது ரவுட்டரிலிருந்து வயர்லெஸ் பாலம் ஒன்றும் அதே கட்டடத்துக்குச் செல்லும். அங்குள்ள சப்நெட் 192.168.30.0/24. கிளைக்கான வயர்கார்டு ஒன்று மட்டுமே, ஆனால் அந்தக் கிளையிலும் 192.168.1.0/24 என்ற சப்நெட்டையே பயன்படுத்துகிறார்கள். இப்போது என்ன செய்வது?

பாதைகாட்டி:

கிளையைப் பற்றி முதலில். இரு முனைகளிலும் 192.168.1.0/24 இருக்கும் வரை எந்த ரவுட்டிங் முறையாலும் உங்களுக்கு உதவ முடியாது. தன் போர்ட்டோடு நேரடியாக இணைந்த சப்நெட்டை எந்த ரவுட்டரும் வெளியே தேடிப் போகாது. முகவரிகளை மாற்றி எழுதும் நாட் வித்தைகள் இருக்கின்றன என்றாலும், யாராவது ஒருவர் சப்நெட்டை மாற்றிக்கொள்வதே நிலையான வழி. கருவிகள் குறைவாக உள்ள முனை மாறட்டும். மாறும்போது எல்லாருக்கும் வழக்கமான 192.168.0.0, 192.168.1.0 ஆகியவற்றைத் தவிர்த்து, 10.0.0.0/8 என்ற பெரிய பரப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது. கிளைக்கு 10.40.0.0/16 என்று ஒரே தொகுதியாக ஒதுக்கிவிட்டால், அங்கே நாளை எத்தனை சப்நெட்டுகள் வந்தாலும் உங்கள் பக்கத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

தொகுதிப் பாதை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. நீங்கள் 10.40.0.0/16 முழுவதையும் கிளை ரவுட்டருக்கு அனுப்புகிறீர்கள், கிளை ரவுட்டர் தனக்குத் தெரியாத எதையும் வயர்கார்டு வழியாக உங்களிடம் அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்றால், பயன்பாட்டில் இல்லாத 10.40.99.5 போன்ற முகவரிக்குச் செல்லும் பாக்கெட், டிடிஎல் (பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட தாவல்களின் எண்ணிக்கை) தீரும் வரை இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். கிளை ரவுட்டரில் 10.40.0.0/16-க்கு ஒரு பிளாக்ஹோல் பாதை (பாக்கெட்டை அங்கேயே கைவிடும் பாதை) எழுதிவிட்டால் இது நின்றுவிடும். உண்மையாகவே இருக்கும் சப்நெட்டுகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை, ஏனென்றால் அதிக நீளமுள்ள முன்னொட்டு கொண்ட (/16-ஐவிட /24 போல, குறுகிய முகவரிப் பரப்பைக் குறிக்கும்) பாதையைத்தான் ரவுட்டர் எப்போதும் தேர்ந்தெடுக்கும்.

மூன்றாவது ரவுட்டர் வந்ததும் உங்கள் வலையமைப்பு முக்கோணமாகிவிடுகிறது. மாற்று வழி உண்மையாகவே இருக்கிறது, அதில் ஒரு பக்கம் வயர்லெஸ் பாலம். இணைவழி அவர்கள் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் இங்கே பொருந்துவதால், மூன்று ரவுட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் ஓடட்டும். எல்லாவற்றையும் ஏரியா 0 என்னும் ஒரே ஓஎஸ்பிஎஃப் பகுதியில் வைத்தால் போதும். இணையத்துக்கான டீஃபால்ட் பாதையை முதன்மை ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் வழியாகவே அறிவிக்கட்டும். அப்போதுதான் முதன்மை ரவுட்டருக்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், இரண்டாவது ரவுட்டர் மூன்றாவதன் வழியாக இணையத்தை அடையும்.

மதிப்புகளில் கவனம் வேண்டும். பல ரவுட்டர்கள் ஓர் இணைப்பின் காஸ்ட்டை (வழியைத் தேர்ந்தெடுக்கும் செலவு எண்ணை; மொத்தம் குறைந்த வழியே வெல்லும்) 100 எம்பிபிஎஸ் என்ற அடிப்படையில் கணக்கிடுகின்றன. அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கும் ஒரே காஸ்ட்டாக 1 வந்துவிடும். மேலும், வயர்லெஸ் பாலத்தின் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டின் வேகம்தான் ரவுட்டருக்குத் தெரியுமே தவிர, காற்றில் அது எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பது தெரியாது. எனவே கையாலேயே எழுதிவிடுங்கள்: விலேன் இணைப்புக்கும் ஃபைபருக்கும் 10, வயர்லெஸ் பாலத்துக்கு 100. அப்படி எழுதினால் இரண்டாவது ரவுட்டரிலிருந்து மூன்றாவதற்குச் செல்பவைகூடச் சாதாரண நாள்களில் முதன்மை ரவுட்டரையும் ஃபைபரையும் கடந்து 20 என்ற காஸ்ட்டில் செல்லும். வயர்லெஸ் பாலம் ஃபைபரோ விலேன் இணைப்போ அறுந்தால் மட்டுமே பயன்படும். இந்தக் காஸ்ட் பாக்கெட் வெளியேறும் பக்கத்தை மட்டுமே பொறுத்தது என்பதால், பாலத்தின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுத வேண்டும். ஒரு முனையில் 100, மறு முனையில் 1 என்று இருந்தால், போகும் வழியும் திரும்பும் வழியும் மறுபடியும் பிரிந்து, நீங்கள் இப்போது தீர்த்த அதே ஃபயர்வால் சிக்கல் வேறோர் இடத்தில் முளைக்கும்.

பயனர்கள் இருக்கும் 192.168.1.0/24, 192.168.20.0/24, 192.168.30.0/24 ஆகியவற்றைப் பாஸிவ் இடைமுகங்களாக அறிவியுங்கள். சப்நெட் அறிவிக்கப்படும், ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கருவியும் தன்னை ரவுட்டர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. ரவுட்டர்களுக்கு இடையேயான இணைப்புகளில் அங்கீகாரச் சாவி ஒன்றையும் வையுங்கள். சிறிய வலையமைப்புக்கு எதற்கு என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொற்று ஏற்பட்ட ஒரு கேமரா போலியான டீஃபால்ட் பாதையை அறிவிப்பதற்கு வலையமைப்பின் அளவு ஒரு தடையல்ல.

இணைவழி:

இன்னும் சில நடைமுறைக் குறிப்புகள். ஹலோ இடைவெளியும் 40 விநாடி எல்லையும் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்டை உறவு ஏற்படாது. உறவு தொடங்கி எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நின்றுவிட்டால், இரு முனைகளின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச) அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயர்லெஸ் பாலத்தில் மட்டும் உறவு வந்து வந்து அறுந்தால், அந்தக் கருவி மல்டிகாஸ்ட்டைச் சரியாகக் கடத்துகிறதா என்று சோதியுங்கள்.

மாறும்போது பழைய ஸ்டேட்டிக் பாதைகளை முதலிலேயே அழிக்க வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் ஸ்டேட்டிக் பாதையின் டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண்) 1, ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் 110. எண் சிறியதே வெல்லும் என்பதால், ஓஎஸ்பிஎஃப்பை இயக்கிய பிறகும் நீங்கள் கையால் எழுதிய பாதையே பயன்பாட்டில் இருக்கும். மூன்று ரவுட்டர்களிலும் அண்டை உறவுகள் ஃபுல் என்ற நிலையை அடைந்து, ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளத்தில் எல்லா சப்நெட்டுகளும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்ட பிறகு, ஸ்டேட்டிக் பாதைகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒன்றை நீக்க மறந்தாலும் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரியும். ஃபைபர் அறுகிற அன்றுதான் அந்தப் பாதை இடத்தை விட்டு நகராமல் நிற்பது வெளிப்படும். வயர்கார்டு பாதை மட்டும் ஸ்டேட்டிக்காகவே இருக்கட்டும். முதன்மை ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் அறிவித்துவிட்டால் மற்ற இரண்டும் தெரிந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்துக் கட்டடத்துக் கணினி ஒன்றுக்குப் பிங்கை ஓடவிட்டு, அதே நேரத்தில் ஒரு பெரிய கோப்பையும் நகலெடுக்கத் தொடங்கி, ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். ரவுட்டரின் போர்ட்டே செயலிழந்தால் மாற்று வழி ஏறத்தாழ உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு ஃபைபரைத் திரும்பச் செருகி, அடுத்த சோதனையாக, ஃபைபர் ரவுட்டருக்குள் நேராகச் செல்லாமல் இடையில் ஒரு சுவிட்ச் வழியாகச் செல்கிறது என்றால், அந்தச் சுவிட்சுக்கு அப்பாலுள்ள முனையைக் கழற்றுங்கள். இம்முறை பிங் 40 விநாடி வரை நின்றுவிட்டுப் பிறகு தொடரும். அந்த இடைவெளி உங்கள் பணிக்கு அதிகம் என்று பட்டால் ஹலோவை 1 விநாடியாகவும் எல்லையை 4 விநாடியாகவும் இரு முனைகளிலும் ஒருசேரக் குறைக்கலாம். வயர்லெஸ் பாலத்தில் மட்டும் அப்படிக் குறைக்காதீர்கள், சில ஹலோக்கள் காற்றில் தொலைந்தாலே அங்கே உறவு அறுந்துவிடும்.